இறக்கச் சொல்லும் விரல்

கூரையடியில் ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்திருப்பவளைப் பட்டறையில் எல்லோரும் ‘மேல்வீட்டுக்காரி’ என்பார்கள். வாடகை இல்லாத வீடு, அக்கம்பக்கமும் இல்லாத வீடு. காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். சோற்று டப்பாவையும் அங்கேயேதான் திறப்பாள். அந்த இரைச்சலில் யார் பேசினாலும் மேலே கேட்காது. கை காட்டினால்தான் உண்டு.

கை காட்டுகிறவன் அவள் கூடப்பிறந்த தம்பி. விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு, முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. அக்கா தம்பிக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று தம்பி ஆள் அனுப்பினான். கொக்கியில் பாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அந்தரத்தில் விட்டுவிட்டு எப்படி வருவது? இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “உனக்கு அம்மாவ விட இரும்பு பெருசாப் போச்சு,” என்றான். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டவன்தான். பிடிவாதத்தில் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தான். அவளுக்கு வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்குச் சுவர்தான்.

இத்தனைக்கும் இறக்குவது சுலபமான வேலையில்லை. பாரம் இறங்கும்போது தன் எடையால் மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் அதையே மின்சாரமாக்கி, மேலே ஒரு பெட்டிக்குள் வெறும் சூடாகத் தீர்க்கும். அதில்தான் வேகம் அடங்கும். ஆனால் மோட்டாரின் பிடியெல்லாம் பாரம் நகரும்வரைதான். நின்றுவிட்டால் தாங்க வேண்டியது பிரேக் கட்டை.

அன்று ஓர் இயந்திரத்தின் இரும்பு மூடியை இறக்கிக்கொண்டிருந்தாள். தம்பி முஷ்டி காட்டிவிட்டு, அடியில் மரக்கட்டை வைக்கக் குனிந்தான். அவள் கைப்பிடியை நிறுத்தும் இடமான நடுவுக்குக் கொண்டுவந்தாள். மூடி நிற்கவில்லை. பாழாய்ப்போன பிரேக் வழுக்கியது.

சட்டென்று மேலே இழுத்தால் கயிறு அறுந்துவிடும். நடுவிலேயே விட்டால் மொத்தமாக விழும். கைப்பிடியை இறக்கும் பக்கமே தள்ளினாள். மோட்டார் முனகிக்கொண்டே பாரத்தைப் பற்றியது. விழுந்துகொண்டிருந்தது இப்போது இறங்கியது. அதுவும் தம்பியின் முதுகுக்கு நேர் மேலே. காலால் மணியை மிதித்தபடி, மறு கையால் கிரேனைப் பக்கவாட்டில் ஓட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்து முஷ்டியை உயர்த்தினான். மறுபடி உயர்த்தினான். அவள் பார்த்தாள், ஆனால் நிறுத்தவில்லை. மூடி அவன் தோளை ஒரு சாண் விலகிக் கடந்து, காலித் தரையில் உட்கார்ந்தது.

யாரோ பட்டறையின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்கள். இரைச்சல் அடங்கியது.

“நிறுத்தச் சொன்னேன்ல. கண்ணு அவிஞ்சு போச்சா?”

அன்று வாயைப் பூட்டிய பிறகு தம்பியிடமிருந்து வந்த முதல் பேச்சு, அதுவும் வசவு.

“பிரேக் போச்சுடா. நிறுத்தியிருந்தா உன் மேலதான் விழுந்திருக்கும்,” என்றாள். பிறகு, “தொங்குற பாரத்த விட்டுட்டு வர முடியாதுடா தம்பி. அன்னைக்கும் அப்படித்தான்.”

கூடியவர்கள் மூடியைச் சுற்றி நின்று வாய் ஓயாமல் பேசிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஏணி பட்டறையின் கோடியில் இருந்தது. கரண்ட் இல்லாமல் கிரேன் அதுவரை நகராது. மேலே ஒருத்தி மாட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் உறைக்கவில்லை.

தம்பி மட்டும் போகவில்லை. வெகுநேரம் மூடியையே பார்த்திருந்தான். பிறகு அண்ணாந்து, விரலைக் கீழே நீட்டிச் சுற்றினான்.

அவள் கொக்கியைப் பார்த்தாள். இறக்குவதற்கு எதுவும் இல்லை. அவன் மறுபடியும் சுற்றினான். அப்போதுதான் புரிந்தது, இறங்கச் சொன்னது அவளைத்தான்.

கூண்டுக்கு வெளியே கையை நீட்டி, முஷ்டியைக் காட்டினாள். கரண்ட் வரட்டும், கொஞ்சம் இரு.

அவன் தலையாட்டிவிட்டு, மரக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.