தைத்ததுதான் தப்பு

பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், பூட்டு சாவிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் ஒரு கடை உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. பலகை மாட்டுகிற இடத்தில் நாலு பெட்டி மாட்டலாமே என்பது கடைக்காரியின் கணக்கு. பெட்டி, பை, கூடாரம், எதில் ஜிப் பிய்ந்தாலும் சனங்கள் அவளிடம்தான் ஓடும். ஊருக்கே அவள் ஜிப்பக்கா. பிளந்து நிற்கிற இரண்டு மலையைக் கொடுத்தாலும் ஓரத்தில் பல் வைத்துத் தைத்து, ரன்னரை மாட்டி, சாயங்காலத்துக்குள் இழுத்து மூடித் தந்துவிடுவாள் என்று சந்தில் பேச்சு. நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

அவள் இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு தோல் உறை இருக்கும். பெட்டியின் உள்துணிக்குப் பின்னால் கெட்டி அட்டை ஒன்று உண்டு. மூலையில் அது வளைகிற இடத்தில் ஊசியை ஏற்றினால், ஊசி அட்டையைத் துளைத்த வேகத்தில் நேராகக் கட்டைவிரலுக்குள் போய் நிற்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கே ரத்தம் சிந்தியாக வேண்டும். அவளும் சிந்தியவள்தான்.

அவளுக்கு ஒரே தம்பி, பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அவள்தான். அவன் வளர்ந்து டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் ஆனான். அந்தக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? அவன் கால் அதை விட்டு நகராது. அதனால் மாணவர்கள் அவனுக்கு ‘பிரேக் சார்’ என்று பெயர் வைத்தார்கள். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவன். கனவில் கார் ஓட்டினாலும் இண்டிகேட்டர் போடுவான் என்று அக்காவே கேலி பண்ணுவாள்.

அவனிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒரு டைல்ஸ் கடைக்காரர் இருந்தார். மூன்று முறை லைசென்ஸ் பரீட்சையில் தோற்று, நாலாவது முறை எப்படியோ தேறியவர். தேறிய சந்தோஷத்தில், வெளிநாட்டு மலைப்பிரதேசம் ஒன்றுக்குச் சுற்றுலா போகலாம், சார், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டார். கூடவே அவருடைய மச்சான், அதாவது அவர் பெண்டாட்டியின் தம்பி. மொத்தம் மூன்று பேர்.

ஜிப்பக்கா தம்பியின் கருநீலப் பெட்டியைப் பிரித்துப் புதுச் சக்கரம் போட்டாள். உள்துணிக்குப் பின்னால் ஒரு கள்ளப்பையும் வைத்துத் தைத்தாள். பிரியமானவர்களுக்கு மட்டும் செய்து கொடுப்பது அது. தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. பாஸ்போர்ட் வைக்க என் அக்கா பெட்டிக்குள்ளேயே பெட்டி தைத்திருக்கிறாள் என்று விமான நிலையத்திலேயே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டானாம். ரகசியம் காக்கத் தெரியாத பிள்ளை.

போன ஆறாம் நாள் போன் வந்தது. மலையுச்சியில் போட்டோ எடுக்கப் போய்க் கால் வழுக்கி விழுந்திருக்கிறான், உயிர் இல்லை.

இரண்டு பேரும் முதலில் திரும்பி வந்தார்கள். டைல்ஸ் கடைக்காரர் ஜிப்பக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். விடியற்காலையில் அவன் மட்டும் தனியாகக் கிளம்பிப் போனதாகவும், இவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், அந்த ஊர்ப் போலீஸ் விசாரித்து விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாகவும் சொன்னார். கிளம்பும்போது மச்சான் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னான்.

“பெட்டிய நாங்க தொடவே இல்லக்கா. பூட்டினது பூட்டினபடி போலீஸ்ல ஒப்படைச்சிட்டோம்.”

அப்போது அவளுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து உடல் வந்தது. அடுத்த நாள் பெட்டி, போலீஸ் அரக்கு முத்திரையோடு வந்தது. சரக்குக் கிடங்கில் ஒரு சுங்க அதிகாரி முன்னால் அதைத் திறக்க வேண்டும். அவர் முத்திரையை உடைத்து, ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் எழுதினார். சட்டை நாலு. ஷேவிங் செட் ஒன்று. அக்காவுக்கு என்று எழுதிய பொட்டலம் ஒன்று. அவள் அழுதுகொண்டே காலிப் பெட்டியின் உள்துணியைத் தடவினாள். தடவிய கை ஓரிடத்தில் நின்றது. அழுகையும் நின்றது.

அவள் தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு அது இல்லை. யாரோ பிரித்துத் திரும்பத் தைத்திருந்தார்கள். நூல் என்னவோ துணியோடு ஒத்துப்போகிற கறுப்புதான். ஆனால் ஓட்டல் அறையில் இரண்டு பொத்தானோடு சின்ன அட்டையில் சுற்றி வைப்பார்களே, அந்தச் சோப்ளாங்கி நூல். நொண்டி நடந்த மாதிரி தையல். கள்ளப்பை காலி.

அவள் கையை எடுத்துவிட்டாள். அதிகாரியிடம், இதையும் பட்டியலில் எழுதுங்கள் சார் என்றாள். கிழிசலை எழுதுவோம், தையலை எல்லாம் எழுத மாட்டோம் அம்மா என்றார் அவர். எழுதாமல் நகர மாட்டேன் என்று அவள் அங்கேயே நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் கூண்டில் கிளியோடு வந்திருந்தார். அந்தக் கிளி சிணுங்க ஆரம்பித்தது. கடைசியில், ‘உள்துணி இடது மூலையில் ஒரு சாண் கறுப்பு நூல் தையல்’ என்று எழுதி, பெட்டிக்கு மறுபடி முத்திரை வைத்து, ஒழிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரி பிற்பாடு எவ்வளவு கனம் கனக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். பேச்சும் லிஃப்ட் மாதிரிதான்; நாலு வார்த்தைக்கு மேல் ஏறாது. ஏர்போர்ட்டில் கிழிந்திருக்குமோ என்றார்.

“கிழிஞ்சிருந்தா நானும் அப்படித்தாங்க நினைச்சிருப்பேன். கிழிச்சதோட விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா தைச்சிருக்காங்க. எங்கிட்ட வரப் போற பெட்டிய எனக்கே தைச்சுக் காட்டியிருக்காங்க.”

அவர், சரி, விடாதே என்றார். இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் விடவில்லை.

உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில் ஆய்வாளர் மரியாதையாகத்தான் பேசினார். நடந்தது வெளிநாட்டில், அங்கேயே போய்க் கேளுங்கள் என்றார். வெளிநாட்டுக்கு எழுதினால், முடித்த கோப்பு, உங்கள் ஊரில் கேளுங்கள் என்று பதில் வந்தது. பந்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதைபட்டாள். அப்போதுதான் கடையின் பழைய வாடிக்கைக்காரியான ஒரு வக்கீல் பெண்ணின் நினைவு வந்தது. சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் புத்தக மூட்டையால் வருஷத்துக்கு நாலு ஜிப்பைக் கொல்லுகிறவள். இப்போது நீதிமன்றத்துக்கு எதிரே மாடியில் அலுவலகம் வைத்திருந்தாள்.

அவள் முழுக்கக் கேட்டாள். குற்றம் எந்த நாட்டில் நடந்தாலும் செய்தவன் நம் நாட்டுக்காரன் என்றால் நம் கோர்ட்டே விசாரிக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டும், அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்றாள். பெட்டியின் முத்திரையைத் தொடாமல் போலீசிடம் ஒப்படைத்து ரசீது வாங்கச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், அவர்கள்தான் கொன்றார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று.

“நான் கொன்னாங்கன்னு சொல்லல பாப்பா. பொய் சொன்னாங்கன்னு சொல்றேன். தொடவே இல்லன்னவங்க எதுக்குத் தொட்டாங்க? அத கேக்க வேண்டியவங்க கேக்கட்டும். கேக்குற வரைக்கும் நான் போயிட்டே இருப்பேன்.”

வக்கீல் பெண் பேனாவைத் திறந்தாள். மனுவின் முதல் வரியே அதுதான்.

வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு, அனுமதி தரவேண்டிய அலுவலகத்துக்குப் போவாள். கையில் காலிப் பெட்டி ஒன்று. தம்பியின் பெட்டி இல்லை. கடையில் கிடந்த கிழட்டுப் பெட்டி. அதன் ஒரு சக்கரம் பன்றி கத்துவதுபோல் கத்தும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்துபோகிற கோளாறு, சக்கரத்தைச் சரிசெய்தே பிழைக்கிறவள், விடவில்லையே! வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாடி. சத்தம் படியேற ஏற, மேலே குமாஸ்தாக்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்களாம். எந்தக் கோப்பு எங்கே தூங்கினாலும் அந்தச் சத்தத்தில் புரண்டு படுக்கும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சும்மா இருக்க முடியாமல் பியூனின் சாப்பாட்டுப் பைக்கு ஜிப் போட்டாள், மேற்பார்வையாளர் மகளின் புத்தகப்பைக்கு வார் தைத்தாள். ஐந்தாம் மாதம் ஒரு குமாஸ்தா, சக்கரத்துக்கு எண்ணெய் வாங்கித் தரட்டுமா அக்கா என்று கெஞ்சினார். எண்ணெய் வேண்டாம் தம்பி, கையெழுத்து போதும் என்றாள்.

பதினான்காம் மாதம் கையெழுத்து வந்தது. கடைசியில் அதை நகர்த்தியது சத்தமோ கெஞ்சலோ அல்ல, சுங்க அதிகாரியின் அந்த ஒரு வரிதான். பெட்டி இங்கே வந்த அன்றே அந்தத் தையல் அதில் இருந்தது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. இரண்டு பேரும் பெட்டியைத் தொடவில்லை என்று அந்த ஊர்ப் போலீசுக்கு எழுதிக் கொடுத்ததும் இருந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டின.

பெட்டி தடயப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது; தடயத்தை எங்கே தேடுவது என்று அங்கே கேட்டார்கள். அவள் பெட்டியைத் தொடாமல், விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

“மூலையில அட்டை வளையுதுல்ல சார், துணிக்கு உள்பக்கம். அங்கதான் எல்லாருக்கும் குத்தும். உறை போடாதவங்க யாரும் தப்பினது இல்ல.”

விசாரணை தொடங்கியது. டைல்ஸ் கடைக்காரரின் வக்கீல் பெரிய மனிதர், குரலிலேயே கதவு திறக்கும். தையல் என்றால் தையல், அதில் உன் தையல் என் தையல் என்று உண்டா, துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் கற்பனைக்கு இரண்டு கண்ணியமான மனிதர்களைப் பலியிடுவதா என்று கேட்டார். ஜிப்பக்கா கூண்டில் நின்றபடி அவர் மேஜையில் இருந்த தோல்பையைப் பார்த்தாள்.

“ஐயா, உங்க பையோட கைப்பிடி ரெண்டு வருஷம் முன்னாடி அறுந்துச்சு. வலது பக்கம் மட்டும் நான் தைச்சது. இடது பக்கம் கம்பெனித் தையல். வேணும்னா நீதிபதி ஐயா பாக்கட்டும்.”

பை நீதிபதியின் மேஜைக்குப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். எழுதிக்கொண்டார். அந்த வக்கீல் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் மனைவி இதை என்னிடம் சொல்லவே இல்லையே என்று முணுமுணுத்தாராம். அன்றைக்கு அவர் அதற்குமேல் தையலைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்து அறிக்கை வந்தது. துணியின் உள்பக்கம், சரியாக அவள் சொன்ன மூலையில், மிளகு அளவு ரத்தக்கறை. மச்சானுடையது.

மறுநாளே அவன் நீதிபதியிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். எல்லாம் சொன்னான். ஐந்தாம் நாள் சாயங்காலம், மலைரோட்டில் வாடகைக் காரை டைல்ஸ் கடைக்காரர் ஓட்டியிருக்கிறார். ஒரு வளைவில் சைக்கிளில் வந்த வயசானவர்மேல் ஏற்றிவிட்டார். பிரேக் சார் பக்கத்து இருக்கையில் காலை ஓங்கி அழுத்தியிருக்கிறான். அந்தக் காரில் அவன் பக்கம் பிரேக் இல்லை. நிறுத்தச் சொல்லிக் கத்தியும் அவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். காரின் கேமராவில் இருந்த மெமரி கார்டைப் பிரேக் சார் கழற்றிக் கள்ளப்பையில் பத்திரப்படுத்தினான். காலையில் போலீசுக்குப் போய்ப் பதிவு செய்கிறேன், நீங்களும் வாங்க, நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்றானாம். அங்கேயும் வாத்தியார்தான். விடிந்ததும், போலீசுக்குப் போகுமுன் மலையுச்சியில் நின்று பேசலாம் என்று அழைத்துப் போய், டைல்ஸ் கடைக்காரர் தள்ளிவிட்டார்; மச்சான் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அறைக்கு ஓடி, அவன் பெருமையடித்த கள்ளப்பையை, வாய் எங்கே என்று தெரியாமல் கிழித்து, கார்டை எடுத்து உடைத்தார்கள். தைக்கச் சொன்னது யார் என்று நீதிபதி கேட்டார்.

“நானாத்தான் தைச்சேன் ஐயா. அந்த அக்கா கைக்குப் போகுமே, கண்டுபிடிச்சிருவாங்களேன்னு பயமா இருந்துச்சு.”

தீர்ப்பில் தள்ளியவருக்கு ஆயுள். கூட நின்று மறைத்தவனுக்கு ஏழு வருஷம். சந்தில் எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள் அக்கா என்றார் பூட்டு சாவிக்காரர். அவள் தலையை ஆட்டிவைத்தாள். ஆனால் அவள் கணக்கில் ஒன்று பாக்கி இருந்தது.

மேல்முறையீடும் முடிந்து பெட்டி கைக்கு வந்த அன்று, கடையில் உட்கார்ந்து அந்த நொண்டித் தையலைப் பிரித்தாள். தோல் உறையை மாட்டிக்கொண்டு, தன் நூலால் எறும்பு வரிசை ஓட்டினாள். கள்ளப்பைக்குள் தீர்ப்பின் நகலும், அந்த ஊர் மொழியில் அதன் மொழிபெயர்ப்பும் போயின. கணவர் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தார். விமானத்தில் ஏறும்போது ஒரு வார்த்தை, இறங்கும்போது ஒரு வார்த்தை.

மலையூர்ப் போலீஸ் நிலையம் சின்னதாக இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சன்னலில் ஈரக் குடை. சைக்கிள்காரரின் கோப்பு ‘யாரென்று தெரியாத வாகனம்’ என்ற தலைப்போடு இன்னும் திறந்தே கிடந்தது. ஜிப்பக்கா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். வக்கீல் பெண் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்த இரண்டே வாக்கியத்தை, அந்த ஊர் மொழியில், பல்லுக்குப் பல் பொருத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“ஒரு விபத்தைப் பதிவு செய்ய வந்திருக்கேன். என் தம்பி வரவேண்டியது.”

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவளையும் பெட்டியையும் பார்த்தார். ஒரு புதுத் தாளை எடுத்து, எந்தத் தேதி என்று கேட்டார். அவள் ஜிப்பை இழுத்தாள்.