கடைசிக் கூடை மக்ரூன்

மக்ரூனுக்கு ஈரம் ஆகாது. முந்திரிப் பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, இந்த மூன்றும்தான் அதன் சாமான். நாலாவதாக ஒன்று சேர்ந்தால் அது வேறு பலகாரம். தூத்துக்குடிக்காரர்கள் இதை ஊர்ப் பெருமையாகச் சொல்வார்கள். கடலுக்குப் பக்கத்துத் தெருவில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீடு அப்படிப்பட்ட தெருவில் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பின்னாளில் துறைமுகத்துக்கு வரும் சரக்கில் எது நனைந்தது, ஏன் நனைந்தது, யார் பணம் கொடுக்க வேண்டும் என்று சான்றிதழ் எழுதும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். என்னை அந்த வேலைக்கென்றே படைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சீனி, ரவை, பழைய ரவை என்று குசினி டப்பாக்களுக்கெல்லாம் அந்த வயதிலேயே சீட்டு ஒட்டியிருந்தேன். பழைய ரவைக்குத் தனிச் சீட்டு எதற்கு என்று அம்மா கேட்டாள். பதில் சொல்வது என் கௌரவத்துக்குக் குறைவாக இருந்தது.

பள்ளியில் மனையியல் என்று ஒரு பாடம். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் எங்களுக்கு மேசை விரிப்பை மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். விருந்தாளியை ஒரு முறைதான் சாப்பிடச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்வது நாகரிகம் அல்ல என்றார் டீச்சர். எங்கள் தெருவில் மூன்று முறை கேட்காவிட்டால் வந்தவர்கள் பட்டினியாக எழுந்து போய் ஊரெல்லாம் சொல்வார்கள். இருந்தாலும் நான் டீச்சர் கட்சிதான். வருஷக் கடைசியில் மனையியல் விழா நடத்த ஏற்பாடாகி, அதிகாரி ஒருவரின் மனைவி வருவதாகச் சொன்னபோது, பலகாரப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் மக்ரூன் என்று அறிவித்துவிட்டேன்.

அப்போது வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா கப்பலில் இருந்தார். அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா, இருவருக்கும் நடுவில் பிறந்த மாமா, நான். மாமா மாடியில் இருந்தார். பெரியம்மா கீழே இருந்தாள். இருவரும் பேசுவதில்லை.

காரணம் தெரு முழுக்கத் தெரியும். பெரியப்பா சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது அவருடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணன் தம்பியும் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. ஆகவே பெரியப்பா இறங்கினால் மாமா கயிறு பிடிப்பார். கீழே இருந்து இரண்டு முறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும். ஒரு முறை இழுத்தால் தூக்கக் கூடாது, அது நீரோட்டமாக இருக்கும், அவசரப்பட்டுத் தூக்கினால் ஆள் வெறுங்கையோடு வருவார். அன்றைக்குக் கயிறு ஒரு முறை இழுபட்டது. மாமா இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. பிறகு தூக்கியபோது கயிறு லேசாக வந்தது.

மாதா கோயிலில் பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். கயிற்றை விரித்துப் பார்த்தார்கள். அது அறுபடவில்லை. மாமா வழக்கப்படிதான் நடந்தார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவள் பெரியம்மா. அவள் சண்டையும் போடவில்லை. மாமாவுக்குச் சோறு பொங்கி, தட்டை மாடிப்படியில் வைத்து, கரண்டியால் படியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். மாமா இறங்கி வந்து தட்டை எடுத்துப்போவார். பல வருஷமாக அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது அந்தக் கரண்டிச் சத்தம்தான்.

அந்த வாரம் மாமா ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, திங்கட்கிழமை போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார். "அவ ஒரு வார்த்த பேசிட்டா நான் ஏன் போறேன்" என்று அவர் சொன்னதும், அம்மா குசினியில் நின்று அழுததும் எனக்குத் தெரியும். அம்மா பெரியம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "அவன் போறான்க்கா. ஒரு வா தண்ணி குடின்னாவது சொல்லு." பெரியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். திரும்பத் திரும்பக் கேட்பது நாகரிகம் அல்ல என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

எனக்கு வேறு கவலை இருந்தது. தகர டின்னில் மணல் பரப்பி, கீழேயும் மூடி மேலேயும் தணல் போட்டு மக்ரூன் சுட்டேன். வெந்து எடுத்ததும் குசினியில் வைத்தால் கடல்காற்றில் பிசுபிசுக்கும். ஓட்டுக்குக் கீழே இருந்த மாமாவின் அறைதான் வீட்டிலேயே காய்ந்த இடம். செங்குத்தான படியில் தட்டோடு ஏறினால் பாதி உடையும். ஆனால் குசினியின் கூரையில் ஒரு சதுரத் துவாரம் இருந்தது. முன்பு குடியிருந்த வியாபாரி மூட்டை ஏற்றுவதற்காக வைத்தது, மேலே கப்பியும் இருந்தது. கப்பிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன். கூடை தயார். கயிறுதான் இல்லை.

சாமான் அறையில் கரி மூட்டைக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, நல்ல கயிறு ஒன்று கிடந்தது. வீட்டில் இடம் ஒதுக்கப்படாத பொருள் இருப்பதே எனக்குப் பிடிக்காது. எடுத்து, தூசி தட்டி, மாடிக்குக் கொண்டுபோனேன்.

மாமா அதை வாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கனளா எடுத்தே?"

"கரி மூட்டைக்குப் பின்னால மாமா. தட்டிட்டேன், அழுக்கு இல்ல."

எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். நான் விதிமுறையை விளக்கினேன். நான் கீழே இருந்து ஒரு முறை இழுத்தால் அவர் தூக்க வேண்டும்.

"ஒரு தடவ வேண்டாம்" என்றார். "ரெண்டு தடவ இழு. ஒரு தடவையெல்லாம் தண்ணியே இழுக்கும்."

குசினியில் ஏது தண்ணீர் என்று நினைத்தேன். ஆனாலும் இரண்டு முறை என்பதில் குழப்பம் குறைவு, எனவே ஏற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பெரியம்மா பின்பக்கம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேலை சீராக நடந்தது. கூடையில் தட்டை வைப்பேன், இரண்டு முறை இழுப்பேன், கூடை மேலே போகும். ஒரு தடவை மட்டும் படியேறிப் பார்த்தேன். மக்ரூன் கூடை தூக்க அப்படி யாரும் நிற்க மாட்டார்கள். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, தோள்மேல் போட்டு, காலைத் துவாரத்தின் விளிம்பில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மாமா, லேசாத்தான் இருக்கும். இவ்வளவு வேண்டாம்."

"லேசா இருந்தாத்தான்ளா பயம். பேசாதே. பேசுனா கையில தெரியாது."

கீழே வந்தேன். கடைசித் தட்டைக் கூடையில் வைத்துவிட்டு, இழுப்பதற்கு முன்பு, மேலே போனதையெல்லாம் அடுக்கத் தகர டப்பாக்களில் காகிதம் விரிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்து முன்னறைக்குப் போனேன். குசினியில் யாரும் இல்லை. காகிதத்தை அளவாக வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் காற்றுகூட நின்றுபோயிருந்தது. தெருவில் காக்காய்ச் சத்தமும் இல்லை. கிணற்றடியில் துணி அடிக்கும் சத்தமும் நின்றிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கப்பி கத்தியது.

எண்ணெய் போட்ட கப்பி அப்படிக் கத்தக் கூடாது. ஓடினேன். கூடை சுவரில் இடித்துக்கொண்டு மேலே பறந்துகொண்டிருந்தது. மாமா இழுத்துக்கொண்டிருந்தார். கை மாற்றிக் கை மாற்றி, ஆள் கனத்தைத் தூக்குகிறவர் போல, மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருந்தார். கூடை விளிம்புக்கு வந்த பிறகும் விடவில்லை. இழுக்கக் கயிறு இல்லாமல், இறுகிய கயிற்றையே பிடித்து இழுத்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் கயிற்றில் ஏறியிருந்தது.

எனக்குக் கோபம். விதியை மீறிவிட்டார். "மாமா, ரெண்டு தடவ இழுத்தாத்தான தூக்கணும்? நான் இழுக்கவே இல்ல."

"நீ இல்ல" என்றார். "நீ இழுக்கது வேற மாதிரி."

பின்வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். கையிலிருந்தும் சேலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா துவாரத்தின் வழியாக அவளைப் பார்த்தார்.

"ஒரு தடவதான்க்கா இழுத்திச்சி" என்றார். "ஒரே தடவ. நான் காத்திருக்கல."

பெரியம்மா கயிற்றைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்" என்றாள். அவள் குரல் மாமாவை நோக்கிப் போய் நான் கேட்டதே இல்லை. "கயித்த விடு. கீழ வா."

மாமா இறங்கி வந்தார். அவள் அவர் கையைக் கழுவி, மஞ்சள் வைத்து, கிழிந்த துணியால் கட்டினாள். தட்டில் சோறு போட்டுக் குசினித் தரையிலேயே வைத்தாள். "சாப்பிடு" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். மாமா உட்கார்ந்து, கட்டாத கையால் அள்ளிச் சாப்பிட்டார். மனையியல் பாடம் கடைசியில் எங்கள் வீட்டிலும் பலித்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

கோயிலில் இருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பார்த்ததைக் கலைத்துவிடக் கூடாது என்பதுபோல உள்ளே வராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

மாமா சொன்னபடி திங்கட்கிழமை போகவில்லை. அடுத்த மாதம் போனார், பெரியம்மா பஸ் வரைக்கும் வழியனுப்பினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். விழாவுக்கு வந்த அதிகாரியின் மனைவி என் மக்ரூனில் பாதியைத் தின்று, மீதியைக் கைக்குட்டையில் மறைத்து வைத்தார். நாகரிகம் அவருக்கும் தெரிந்திருந்தது.

கயிற்றை இழுத்தது யார் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வயதில் எலி என்று முடிவுசெய்தேன். வளர்ந்த பிறகு பெரியம்மா என்று புரிந்துகொண்டேன். கிணற்றடியில் இருந்து உள்ளே வந்தவள், தொங்கிய கயிற்றை அடையாளம் கண்டிருக்கிறாள். தம்பி இப்போது என்ன செய்வான் என்று பார்க்க ஒரே ஒரு முறை இழுத்திருக்கிறாள். அன்று கடைசிக் கூடையின் அடி நனைந்திருந்தது, அதற்கும் அதுவே காரணம், அவள் கையில் ஈரம் இருந்ததே. எந்தச் சான்றிதழிலும் எழுதக்கூடிய காரணம். அதை நம்பிக்கொண்டுதான் என் உத்தியோக காலம் முழுவதும் இருந்தேன்.

மாமா இறந்து சில வருஷம் கழித்து, பெரியம்மா படுக்கையில் விழுந்தாள். பார்க்கப் போன என்னைக் குனியச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்ளா. அன்னைக்கு நீ சின்னப் புள்ள. அந்தக் கயித்த ஒரு தடவ இழுக்கணும்னு ஒனக்கு எப்படித் தோணிச்சி?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை. கப்பிச் சத்தம் கேட்டு ஓடிவந்தேன், அதுக்கு முன்னால உள்ளயே வரல என்றாள். நீ செஞ்சது நல்ல காரியம், அது இல்லன்னா எங்க ரெண்டு பேரு கட்டையும் பேசாமலே மண்ணுக்குள்ள போயிருக்கும் என்றாள். எத்தனையோ காகிதத்தில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட நான், "ஆமா பெரியம்மா" என்றேன்.

சரக்கு மழையில் நனைந்ததா கடல்நீரில் நனைந்ததா என்று பார்க்க எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால்போல வெளுக்கும். உப்பு இருக்கிறது என்று அந்தச் சொட்டு சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

அந்தச் சனிக்கிழமை என்னிடம் நாக்குதான் இருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிக் கூடையைச் சரிபார்க்க மாடிக்குப் போனேன். கூடையின் அடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதிலிருந்த மக்ரூன்கள் கூழாகிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்புக் கரித்தது. அதே மாவில், அதே தணலில் வெந்து அதற்கு முந்தைய கூடையில் போனது இனித்தது.

நான் வெகுநேரம் யோசிக்கவில்லை. டப்பா மாறிவிட்டது, பிழை சீட்டில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அன்று சாயங்காலம், பெரியம்மாவும் மாமாவும் குசினித் தரையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருக்க, அவர்கள் தலைக்கு மேலே அந்தக் கயிறு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்க, எல்லா டப்பாக்களையும் இறக்கிவைத்து, உப்புக்கும் சீனிக்கும் பெரிய எழுத்தில் புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன்.