இருட்டண்ணனும் விளக்குகளும்

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்க்கிறார். அங்கே ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டு வாசிக்கிறார். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். வீட்டுக்காரர்களுக்கு வணக்கம் அதற்குப் பிறகுதான்.

கேமிங் கம்ப்யூட்டர் விற்கும் கடையில் வேலை. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், விசிறியையும் விளக்குகளையும் கட்டுப்படுத்தும் கம்பெனி மென்பொருளை ஏற்றித் தருவது அவர் பொறுப்பு. "அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டக் கூடாதுங்க. மாடல் மாறிச்சுன்னா விசிறிக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்" என்பார்.

ஏற்றி முடித்ததும் விசைப்பலகையில் ஏழு நிறமும் ஓடும். வாங்கியவர் வாயைப் பிளப்பார். இவர் ஒரே சொடுக்கில் அத்தனையையும் அணைப்பார். "மெஷினுக்கு எதுக்குங்க நகை நட்டு? வேணும்னா அப்புறம் நீங்களே போட்டுவிடுங்க." விளக்கை அணைக்காமல் எந்த வீட்டு நாற்காலியிலிருந்தும் அவர் எழுந்ததில்லை. கடையில் இருட்டண்ணன் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

சென்ற வாரம் ஒரு வீடு. கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை பலமிழந்திருந்தது. கதவைத் திறக்கும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டார்.

"பந்தைக் குடுத்து அமுக்கச் சொன்னா என் மேலயே எறியறாருங்க. இந்தக் கார் ஓட்டற கேம்ல மட்டும்தான் அந்தக் கையை எடுப்பார். இப்ப மெஷின் ஊளையிட்டு ஊளையிட்டு அணைஞ்சிடுது. கை சும்மா மடியில கிடக்கு. இப்படியே விட்டா விரல் மடங்கிப் போயிடும்னு பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு சொல்லுது."

கவிழ்த்தார், வாசித்தார், சூடு பார்த்தார், வணக்கம் சொன்னார். உள்ளே ஒன்றுக்கு இரண்டு மென்பொருள் இருந்தது. ஒன்று வேறு மாடலுக்கானது.

"யாருங்க போட்டது?"

"என் தம்பி."

"ஒரே அடுப்படியில ரெண்டு மாமியார். ஒண்ணு விசிறியைக் கூட்டுது, இன்னொண்ணு குறைக்குது."

"மொதல்ல என் மச்சானை நீக்குங்க" என்றார் கணவர், குழறலாக, ஆனால் அழுத்தமாக.

மச்சானை விட்டுவிட்டு மென்பொருள் இரண்டையும் நீக்கினார். சரியானதை ஏற்றினார். விசிறியின் மூச்சு சீரானது. வழக்கம்போல விளக்குகளை அணைத்துவிட்டு எழுந்து, கணவரை உட்கார வைத்தார்.

வலது கை மவுஸைப் பிடித்தது. இடது கை மடியிலேயே கிடந்தது. மனைவி எடுத்து விசைகளின் மேல் வைத்தார். நழுவி விழுந்தது.

"முன்னே வந்துதே! இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவருக்கு மறந்துபோகுதுங்க. தட்டுல கூட அந்தப் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். ஆனா இதுல தானா வைப்பாரே!"

இருட்டண்ணன் விசைப்பலகையைப் பார்த்தார். "அப்ப இதுல விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. இந்த ஓரம் நல்லா சிவப்பா."

கணவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மென்பொருளைத் திறந்தார். மற்ற விசைகளை இருட்டாகவே விட்டு, இடது ஓரத்தில் கார் ஓட்டும் நான்குக்கு மட்டும் சிவப்பு வைத்தார். போதவில்லை என்று வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றினார்.

கணவரின் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. மடியிலிருந்த கை மேசை விளிம்பில் ஒருமுறை இடறி, ஏறி, சிவப்பின் மேல் அமர்ந்தது. திரையில் கார் நகர்ந்து நேராகச் சுவரில் மோதியது.

"பிரேக்கு! பிரேக்கு!" என்று மனைவி கத்தினார்.

இருட்டண்ணன் எழப்போனார். பழக்கத்தில் விரல் விளக்கை அணைக்கும் பொத்தானுக்குப் போனது. பாதி வழியில் அதை மடக்கி, கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார்.