நான் அடித்த பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண் முகாமுக்குப் பணம் திரட்டும் வேலையை என் தலையில் கட்டியது அதனால்தான். விருத்தாசலத்தில் பீங்கான் ஷெட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம், எழுபதுகளின் தொடக்கம். கப்புகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. தினக்கூலி. பெரிய மில்களில் இருப்பவர்களுக்கு வைத்தியத்துக்குக் கார்டு உண்டு என்பார்கள். எங்களுக்குக் கார்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கண்ணில் புரை விழுந்தால் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், வைத்தியம் இலவசம்தான். ஆனால் கூடவே ஒரு வாரம் இருக்க ஆள் வேண்டும், அந்த ஒரு வாரமும் கூலி இல்லாமல் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். யார் போவார்கள்?

வெளியூர் டாக்டர்கள் சிலர் வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை லீவில் பள்ளிக்கூடத்திலேயே முகாம் போட்டு ஆபரேஷன் செய்ய ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குக் காசு வேண்டாம். கட்டில், மருந்து, கஞ்சி, பிறகு போட்டுக்கொள்ளும் கண்ணாடி எல்லாம் ஊர்ப் பொறுப்பு. கூலிக்காரர்களிடம் போய்க் காசு கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. முதலாளிகளைப் பிடித்தேன். சூளையிலிருந்து வரும்போதே விரிசல் விட்டது, வளைந்தது என்று செகண்ட்ஸில் ஒதுக்கிய சாமான் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். "கொட்டித்தானே வெச்சிருக்கீங்க, கண்ணு தெரியாத சனத்துக்குக் குடுங்களேன்" என்று வாசலை விட்டு நகராமல் நின்றேன். கொடுத்தார்கள். மாசி மகக் கூட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் கோணி விரித்து, ஷெட்டு ஆட்கள் முறை வைத்து உட்கார்ந்து விற்றோம். விரிசலைக் காட்டியே விற்றோம். அந்தப் பணத்தில் முகாமில் எங்கள் ஷெட்டுக் குடும்பங்களுக்கு ஆறு கட்டில் கிடைத்தது. ஆறு பேர் பட்டியல் என் கையில்தான் இருந்தது.

ஆறு பேரில் ஒருத்தி என் அம்மா. சின்ன வயதில் அம்மை போட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை. முகாமுக்கு ஆள் எடுக்க வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா முத்திடுச்சு. இந்தத் தடவையே எடுத்துடணும், தள்ளிப் போடாதீங்க" என்றார். அம்மாவுக்கு அப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். "உம் மூஞ்சியப் பாத்து நாலு வருஷம் ஆவுதுடி. கெழவியா ஆயிட்டியோ என்னமோ" என்று என்னைக் கேலி செய்வாள்.

முகாமுக்கு மூன்று நாள் இருக்கும்போது டீக்கு உட்கார்ந்திருந்தோம். சூளையில் நெருப்புப் பார்க்கும் பையன் ஒருவன், கல்யாணமானவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். திட்டக்குடியில் அவன் மாமியாருக்கும் புரைதான், பட்டியலில் இடம் இல்லாமல் போய்விட்டது. பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோணி விரிச்சு ஒக்காந்தது ஊருக்குன்னுல்ல நெனச்சேன். உங்க அம்மாவுக்குத்தானா, அக்கா?" நாலு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பென்சிலை எடுத்து அம்மா பெயரை அடித்தேன். "எழுதுடா, ஒம் மாமியா பேர எழுது. எங்கம்மா ஒண்ணும் ஓசிக் கட்டிலுக்குக் காத்துக் கெடக்கல." அவன் முகம் செத்துப்போனது. "வெளையாட்டுக்குச் சொன்னேங்க்கா, வேணாங்க்கா" என்று ஷெட்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருஷம்தானே, அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யார் கண்ணை யார் தள்ளிப்போடுவது? அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மாவிடம், "கட்டிலு பத்தலம்மா. அடுத்த வருஷம் மொத பேரு உன்னுதுதான்" என்றேன். "சரி, அதுக்கென்னா" என்றாள். முகாம் நடந்த நாளெல்லாம் நான் கஞ்சி ஊற்றினேன். திட்டக்குடி அம்மாள் கட்டு அவிழ்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் போகும் முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போனாளாம். என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐப்பசி மழையில் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. இடது பக்கம் மட்டும், கூடவே வாந்தி. ஒத்தைத் தலைவலி என்று நினைத்துச் சுக்கு உரசிப் பற்றுப் போட்டேன். மூன்று நாள் துடித்தாள், பிறகு வலி நின்றது. நின்றதே என்று நான் சந்தோஷப்பட்டேன். வெளிச்சமும் நிழலும்கூட அதோடு நின்றுபோனதை அவள் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் முதல் ஆளாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டாக்டர். டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்தார். "வெளிச்சம் எங்க இருக்குது, சொல்லுங்கம்மா." அம்மாவின் முகம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னிடம் சொன்னார். புரை முற்றி, கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது. தலைவலி என்று நான் பற்றுப் போட்டது அந்த வலிக்குத்தான். இனிமேல் ஆபரேஷன் செய்து பிரயோஜனம் இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. "போன வருஷமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பேரும் எழுதினோமே. ஏன் வரல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "அது மேல தப்பு இல்லீங்க. எம்பொண்ணு எவ்வளவோ கூப்புட்டுச்சு. கண்ணுல கத்தி வெப்பாங்களேன்னு பயந்துகிட்டு நாந்தான் வரமாட்டேன்னுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் அம்மாவைத்தான் திட்டினார். பயந்து பயந்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிற சனம் என்றார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.