வெளிச்சம் தேவைப்படாத கார்

என் மகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கரண்டில் ஓடும் கார் ஒன்று வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, திண்டிவனம் போய்த் திரும்பத் தாங்குமா, ஏசி போட்டால் குறையுமா என்று ஓயாத விசாரம். அதன் நல்லது கெட்டது எல்லாவற்றையும் என்னை உட்காரவைத்து விளக்கினாள். சத்தம் கிடையாது, புகை கிடையாது, செலவு குறைச்சல். ஆனால் எங்கே போவதென்றாலும் யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். கடைசியில், "உனக்கு இதெல்லாம் புதுசும்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்னாடி புதுசு? நீ என் வயிற்றில் இருந்தபோதே பேட்டரிக்குப் பயந்து பயந்து காரில் போனவள் நான்.

அறுபதுகளில் செஞ்சியில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் நைனா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. புதுச்சேரியில் யாரோ ஓட்டித் தேய்த்த கறுப்புக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பெட்ரோல் கார்தான். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அதன் டைனமோ எரிந்துபோனது. டைனமோ என்பது கார் ஓடும்போதே பேட்டரியில் கரண்டை நிரப்புகிற சாமான். அது போய்விட்டால் பேட்டரியில் இருப்பதுதான் இருப்பு. அது தீர்ந்தால் டாங்கி நிறைய பெட்ரோல் இருந்தாலும் வண்டி நகராது. மெக்கானிக், மெட்ராஸிலிருந்து வேறு டைனமோ வரவழைக்க வேண்டும் என்றார். நைனா யோசித்துப் பார்த்தார். லைட்டுதான் பேட்டரியை அதிகம் தின்னும் என்றும், லைட்டே போடாவிட்டால் ஒரு பகல் முழுக்க வண்டி தாராளமாக ஓடும் என்றும் தெரிந்துகொண்டார். உடனே ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"நமக்கு எதுக்குய்யா லைட்டு?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் நயினார்கள், சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு வாயில் ஒன்றும் வைக்கமாட்டோம். அதனால் எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ராத்திரியில் ஓடாத காருக்கு லைட்டு எதற்கு? லைட்டு வேண்டாம் என்றால் டைனமோ எதற்கு? செஞ்சியில் வேறு யாருடைய கார் என்றாலும் மறுவாரமே சரிசெய்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு கணக்கு எடுபடும்.

சாயங்காலம் ஆனால் பேட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, ரேடியோக் கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறும். காலையில் திரும்பி வரும். ஊரில் கரண்ட் நின்றுபோன மறுநாள் நாங்கள் பஸ் ஏற வேண்டியதுதான். பேட்டரியை மிச்சப்படுத்துவதில் நைனா மகா கருமி. ஹாரன் அடிக்கமாட்டார். அதற்குப் பதிலாக ஜன்னலோரம் ஒரு ரப்பர் ஹாரனைக் கட்டியிருந்தார். முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் அதைப் பிடித்து அமுக்க வேண்டும். அம்மா அமுக்க வெட்கப்பட்டுக்கொண்டு, "ஏம்பா, தள்ளிப் போங்கப்பா" என்று ஜன்னல் வழியாகவே கூப்பிட்டுச் சொல்வாள். மழை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, நைனா இறங்கித் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார். வண்டியைக் கிளப்புவதும் பேட்டரியில் இல்லை, எப்போதும் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றித்தான்.

ஆனால் அம்மாவுக்கு அந்தக் காரின்மேல் அலாதிப் பிரியம். முன்பெல்லாம் நைனா அனந்தபுரம் சந்தைக்குப் போனால் பேச்சுவாக்கில் நேரம் போவதே தெரியாது. எத்தனையோ நாள் இருட்டியபிறகு வந்து பட்டினியாகப் படுத்திருக்கிறார். அவர் சாப்பிடாததால் அம்மாவும் பட்டினி. கார் வந்த பிறகு அது மாறிவிட்டது. லைட்டு இல்லாத காரை வைத்துக்கொண்டு எங்கே உட்கார்ந்து கதையளப்பது? வெயில் தணியும்போதே வந்துவிடுவார். "இந்த வண்டி இன்னும் நாலு எடத்துல கெட்டுப்போனாலும் பரவால்ல, மனுசன் நேரத்துக்கு வந்து சாப்புடறாரு" என்பாள் அம்மா.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணமாகி, அவலூர்பேட்டைக்குப் போய், முதல் பிள்ளையும் உண்டானேன்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டு, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். என் மாமியாருக்கு அதில் மனசில்லை. பக்கத்திலேயே நர்ஸம்மா இருக்கிறார், வயிற்றுப் பிள்ளைக்காரி எதற்கு அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் வாதம். தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அம்மா வேண்டும். வலி வரும்போது அம்மாவின் கை வேண்டும். நினைத்தாலே அழுகை வரும் அளவுக்கு வேண்டும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் புடவைகளை மட்டும் முன்கூட்டியே மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

வளைகாப்பன்று நைனா காரோடு வந்து இறங்கினார். அம்மா வரவில்லை. பெண்ணுக்கு ஆக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும் என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். மாமியார் வாசலில் நின்று காரைச் சுற்றிவந்து பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தார். எதையும் விடமாட்டார் அவர்.

"ஏன் சம்பந்தி, இந்த வண்டியில லைட்டு எரியாதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே?"

நைனாவின் ரோஷம் எனக்குத் தெரியும். "யாரு சொன்னது?" என்று உள்ளே கையை விட்டு ஒரு குமிழை இழுத்தார். உச்சிவெயிலில் இரண்டு லைட்டும் எரிந்தன. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. மாமியார் குனிந்து பார்த்தார். "எரியுது" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து நைனாவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

வளையல் அடுக்கி, எல்லாரும் சாப்பிட்டு, எனக்குத் திருஷ்டி கழித்து முடிவதற்குள் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "வழியில சாப்ட எதனா கட்டித் தரச் சொல்லட்டா மாமா?" என்று கேட்டார். அவரும் எங்களோடு செஞ்சிவரை வருவதாக ஏற்பாடு. நைனாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"இன்னா மாப்ள நீங்க! பொழுது இருக்கவே வீட்டுல இருப்போம். அங்க அவ ஆக்கி வச்சிக்கினு காத்திருப்பா."

மாமியார் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லார் முன்னாலும் வந்து நின்று சொன்னார்.

"நான் தடுக்கல சம்பந்தி. கூட்டிக்கினு போங்க. ஆனா ஒண்ணு. பொழுது சாயறதுக்குள்ள என் மருமவ சாப்ட்டாவணும். இந்த வண்டியால அவ ராத்திரிப் பட்டினி கெடந்தான்னு தெரிஞ்சுது, நாளைக்கே வில்வண்டி கட்டிக்கினு வந்து கூட்டியாந்துடுவேன். பிரசவம் இங்கதான்."

"அப்படியே ஆவட்டும்" என்றார் நைனா. மற்றவர்களுக்கு அது சம்பந்திகளுக்குள் ஒரு பேச்சு. எனக்கு அது அம்மா உண்டா இல்லையா என்பது.

கம்பியைச் சுற்றியதும் வண்டி கிளம்பியது. பாதித் தூரம் நன்றாகத்தான் வந்தது. இருபுறமும் மல்லாட்டைக் கொல்லை, காற்று முகத்தில் அடித்தது, நான் மனசுக்குள் அம்மாவின் சமையலை வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தபோது வண்டி இருமத் தொடங்கியது. பிறகு ஒரு குலுக்கு. பிறகு சத்தமே இல்லை. என் மகளின் புதுக் காரைப்போல அவ்வளவு அமைதி.

நைனா இறங்கிக் கம்பியைச் சுற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி சுற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் கம்பியை வாங்கித் தானும் சுற்றலாம் என்று இறங்கிப்போனவர், வண்டியின் முன்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தார்.

"மாமா... லைட்டு எரியுதே."

நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஊதுவத்தி நுனி மாதிரி சிவப்பாக ஒரு கம்பி. மத்தியானம் என் மாமியாருக்குக் காட்டப் போட்ட லைட்டு அப்படியே இருந்திருக்கிறது. பட்டப்பகலில் யார் கண்ணில் படும்? அதோடு, லைட்டை அணைக்க வேண்டும் என்ற நினைப்பே நைனாவுக்கு வந்திருக்காது. போட்டுப் பழகியவர்களுக்குத்தானே அணைத்துப் பழக்கம்.

நைனா விறுவிறுவென்று வண்டிக்குப் போனார். உள்ளே கையை விட்டுக் குமிழைத் தள்ளினார். பிறகு சாலையோரம் இருந்த மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். "உன் தலையெழுத்த நானே கெடுத்துட்டேனேம்மா" என்றார். வியாபாரத்தில் எத்தனை நஷ்டம் வந்தாலும் கலங்காத மனிதர். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "இந்த டப்பாவ எரிச்சிடு நைனா" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் மேற்கே சூரியன் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் நடந்து செஞ்சிக்குப் போக என்னால் ஆகாது.

யாராவது வந்தால் கட்டி இழுக்கலாம், கயிறு எடுத்துவைப்போம் என்று என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தார். என் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார். கோணியை விலக்கினார். அப்புறம், "இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

கோணிக்குக் கீழே ஒரு பித்தளைத் தூக்கு. என் மாமியாருடையது. மூடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும். பக்கத்தில், வாயில் வெள்ளைத் துணி கட்டிய கூஜாவில் வடிகட்டிய தண்ணீர். தூக்கைத் திறந்தால் ஒரு அடுக்கில் புளிச்சோறு, அடுத்ததில் தயிர்ச்சோறு, ஓரத்தில் மாங்காய். மேலே சுருட்டிவைத்த வாழையிலை. பிரித்தால் மூன்று நறுக்கு. எனக்கு ஒன்று, அவர் பிள்ளைக்கு ஒன்று. மூன்றாவது நைனாவுக்கு.

"அம்மா!" என்றார் என் வீட்டுக்காரர், எதிரே நிற்பவரைக் கூப்பிடுவதுபோல.

மைல்கல்லுக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு இருந்த பசியில் யாரையும் பார்க்கவில்லை. நைனா முதலில் வேண்டாம் என்றார். "இலை போட்டுட்டாங்க நைனா, உக்காரு" என்றேன். நாங்கள் கை கழுவும்போது சூரியனின் கீழ்விளிம்பு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பாடா!

கொஞ்ச நேரத்தில், செஞ்சிக்கு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் வந்தார். அவர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, மாடுகளைக் காருக்கு முன்னால் கட்டினோம். நைனா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நான் பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன். குலுக்கல் இல்லை, புகை இல்லை. அவ்வளவு சுகமாக அந்தக் காரில் நான் அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை. "பொழுது போயிடுச்சே, லைட்டு வேணுமே அய்யா?" என்று வண்டிக்காரர் கேட்டார். அவரே தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்த அரிக்கேன் விளக்கை ஏற்றி என் வீட்டுக்காரர் கையில் பிடித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். இறங்கியதும் என் கன்னத்தைப் பிடித்து, "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்றேன். அவளுக்கு உயிர் வந்தது. நடந்ததை எல்லாம் நான் சொல்லச் சொல்லச் சிரித்தாள். அடுப்படியில் மூடிவைத்த பாத்திரங்களைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்காகக் காத்திருந்து, பொழுது சாய்ந்து, அவள் ஒரு பருக்கையும் தொடவில்லை. நைனாவும் அந்தப் பாத்திரங்களைப் பார்த்தார். மறுநாள் காலையில் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டுவந்து, மெட்ராஸிலிருந்து டைனமோ வரவழைக்கச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார். வண்டி நின்றதா என்று மாமியார் கேட்டதாகவும், "நிக்கவேயில்லம்மா, வழியில பசிச்சுது, சாப்ட்டோம்" என்று இவர் சொன்னதாகவும், அவர் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போனதாகவும் பிறகு எனக்குச் சொன்னார். நான் தெருவில் மாட்டுமணி கேட்கும்போதெல்லாம் வில்வண்டி வந்துவிட்டதோ என்று ஜன்னலுக்கு ஓடினேன். வரவில்லை. எனக்குப் பெண் பிறந்தாள். வலி முழுக்க அம்மாவின் கை என் கையில் இருந்தது.

மூன்றாம் மாதம் என்னையும் குழந்தையையும் அழைத்துப்போக என் வீட்டுக்காரரோடு மாமியார் வந்தார். புது டைனமோ போட்ட காரிலேயே போவதென்று முடிவாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் வசதியாக உட்கார்ந்தார். நைனா கம்பியைக் கையில் எடுத்தார். மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"லைட்ட அணைச்சிட்டீங்களா சம்பந்தி? அன்னிக்கு எங்க தெருக்கோடிப் புளியமரத்து நெழல்ல போறப்ப ரெண்டும் எரிஞ்சிக்கினு இருந்துச்சி. நான் கைதட்டிக் கூப்ட்டேன், உங்க காதுல விழல."

நைனா அவசரமாக உள்ளே கையை விட்டுக் குமிழைத் தடவிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்த பிறகு, மாமியார் தனியாக இருந்தபோது கேட்டேன். "வண்டி நின்னுச்சின்னு தெரிஞ்சும் ஏன் அத்தை என்னைக் கூட்டியார வரல?"

குழந்தைக்கு விசிறிக்கொண்டே சொன்னார். "பட்டினி கெடந்தா கூட்டியாருவேன்னுதான சொன்னேன். தூக்கு காலியா வந்துச்சே. நீதான் பொழுதோட சாப்ட்டுட்டியே."