லைஜியாவ் விரலால் தட்டிய நன்றி

வாயில் ஊறிய உண்மையை விழுங்கிவிட்டு, முதலாளிக்குப் பிடித்த பொய்யை ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று உங்களால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

சீனாவின் ஃபூதிங் தேயிலைச் சந்தையில் பதினெட்டு ஆண்டுகள் நாக்கை வைத்தே பிழைத்த லெய் சுயுனால் முடியாது.

வெங் முதலாளியின் கடையில் வெள்ளைத் தேயிலையைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்வது அவள் வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். வசந்தத்தின் முதல் மொட்டுகள் மட்டுமே சேர்ந்த வெள்ளி ஊசி, நாக்கில் பனிபோல இறங்கி, விழுங்கிய பிறகுதான் இனிக்கும். மொட்டோடு இளம் இலை இரண்டும் சேர்ந்த வெண்மூதான், மூடியைத் திறந்ததுமே பூவாக மணக்கும். முரட்டு இலையும் காம்புமான ஷோமெய்யை முன்பெல்லாம் யாரும் சீண்டமாட்டார்கள். மலைக்காரர்கள் குடிப்பது அதைத்தான். ஆனால் பத்து வருடம் ஈரம் படாமல் காத்து, பிறகு கொதிக்கவிட்டால், காய்ந்த இலந்தைப் பழத்தின் வாசம் தெருமுனை வரை போகும். பழைய தேயிலை நோய் தீர்க்கும் என்று வியாபாரிகள் கிளப்பிவிட்ட கதையை சுயுன் நம்பியதில்லை. "காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ருசிக்குன்னா இதைக் குடிங்க" என்பாள். வறுக்காமல், கசக்காமல், மூங்கில் தட்டில் வாடவிட்டுக் காயவைக்கும் இலை இது. பொய்யை மனிதர்கள்தான் சேர்க்க வேண்டும்.

புயல் அடித்து ஓய்ந்த மாதத்தில் லான் லைஜியாவ் இரண்டு மண்ஜாடிகளோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். இலை வாட்டும் கொட்டகையின் கூரையைப் புயல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வசந்தத்துக்குள் கூரை போடாவிட்டால் மழைநாளில் மொட்டுகளைப் பரப்ப இடமிருக்காது. வருடப் பிழைப்பே போய்விடும்.

"அக்கா, நீங்களும் நம்ம மலைதானே?" என்றாள் மலைமொழியில். "பன்னெண்டு வருஷமா விதைநெல்லு மாதிரி பொத்திப் பொத்தி வச்சது. நீங்களே குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"உக்காருங்க" என்று சுயுன் நகரத்து மொழியில் பதில் சொன்னாள்.

கொதிக்கவிட்டாள். தெளிந்த செம்பொன் நிறம். முதல் மிடறிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இப்படியொரு ஷோமெய்யை அவள் குடித்ததே இல்லை.

வெங் தொண்டையைக் கனைத்தார். "என்ன சுயுன், ஈரம் பட்ட சரக்கு போலிருக்கே?"

அது கேள்வியல்ல, உத்தரவு.

"ஆமா முதலாளி. ரெண்டு வருஷத்துச் சரக்குதான். ஈரத்துல கிடந்து கறுத்திருக்கு."

லைஜியாவின் முகம் சுருங்கியது. "எங்க வீட்டு ஓடு எங்கேயாவது ஒழுகியிருக்குமோ என்னவோ. நமக்கென்ன தெரியும்? டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு நொடியில் அக்கா, மரியாதையோடு தள்ளிவைத்துக் கூப்பிடும் டீச்சராகிவிட்டாள்.

ஜாடிகள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. சுயுன் மிச்சமிருந்த டீயை லைஜியாவின் கோப்பையில் ஊற்றினாள். லைஜியாவ் இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினாள். டொக், டொக், டொக். ஊற்றியவருக்கு அந்த ஊரார் நன்றி சொல்வது அப்படித்தான். சுயுனுக்குக் காதுமடல் சுட்டது.

அதன்பிறகு கடையில் யார் மேசையைத் தட்டினாலும் அவள் தலை குனிந்தது. எந்தத் தேயிலையும் ருசிக்கவில்லை.

பத்தாம் நாள் வெளியூர் வியாபாரிகள் நாலைந்து பேர் வந்தார்கள். வெங் ஒரு ஜாடியைத் திறந்து, "அசல் பன்னெண்டு வருஷம்! புதையல்!" என்று முழங்கினார். உண்மையான வயது இப்போது அவர் வாயிலிருந்து வந்தது. கொதிக்கவிட்டது சுயுன்.

கூரைத் தகரம் வாங்கச் சந்தைக்கு வந்திருந்த லைஜியாவ், கையிலிருந்த பணத்துக்குப் பாதிக் கூரைக்கே தகரம் கிடைத்த கவலையோடு அந்த வழியாகப் போனாள். வாசம் அவளை வாசலில் நிறுத்தியது.

"டீச்சர், இது எங்க ஜாடி வாசமாச்சே?"

"எல்லா ஷோமெய்க்கும் ஒரே வாசம்தாம்மா, நீ கெளம்பு" என்றார் வெங்.

"மலைக்காரிக்கு மோப்பம் ஜாஸ்திதான்!" என்று ஒரு வியாபாரி சிரித்தான்.

சுயுன் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். லைஜியாவ் குடித்தாள். இந்த முறை அவள் விரல் மேசையைத் தொடவில்லை.

"நீங்க சொன்னதும் நான் என் மூக்கையே சந்தேகப்பட்டேன், டீச்சர். ஜாடிய ஒழுங்கா மூடத் துப்பில்லைன்னு மாமியார் பத்து நாளா கரிச்சுக் கொட்டுறாங்க. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

இலையைவிடப் பெரிய ஒன்றை அவளிடமிருந்து பறித்திருந்தோம் என்று சுயுனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மூக்கின் மேலேயே அவளுக்கு இருந்த நம்பிக்கை அது.

"உன் மூக்கு சரிதான். என் வாய்தான் பொய்" என்றாள் மலைமொழியில். பிறகு எல்லோருக்கும் புரியும்படி நகரத்து மொழியில் சொன்னாள்: "இது இவங்க டீ. பன்னெண்டு வருஷம்தான். ஈரம்னு நான் பொய் சொல்லி மட்ட விலைக்கு வாங்கினோம்."

"பைத்தியமாடி உனக்கு? வெளிய போ!" வெங் கத்தினார்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால், திறக்காத ஜாடியை அவரால் பிடித்துவைக்க முடியவில்லை. வியாபாரிகள் அதை நியாய விலைக்கு லைஜியாவிடமே வாங்கினார்கள். மீதிக் கூரைக்குத் தகரம் ஏறியது. சுயுனுக்கு வேலை போனது.

வசந்தத்தில் கொட்டகையில் மொட்டுகளைப் பரப்ப ஆள் தேவைப்பட்டபோது சுயுன் மலையேறிப் போனாள். லைஜியாவ் வேலை கொடுத்தாள், டீயும் ஊற்றினாள். சுயுன் விரல்களை மடக்கி மூன்று முறை தட்டினாள். லைஜியாவ் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழையபடி அக்கா என்று கூப்பிடவும் இல்லை. அதில் தவறொன்றும் இல்லை.

நாளை உங்கள் எதிரிலும் ஓர் ஏழையின் உழைப்பை ஒருவர் மட்டம் என்பார். உங்களைத் தலையாட்டச் சொல்வார். உங்களுக்குத் தெரிந்த உண்மையை அங்கேயே, அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள். பத்து நாள் தள்ளிப்போடாதீர்கள்.