பதினொரு டிகிரி கோணலாக நின்ற ஊர்வாசல்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பது. கலிஃபோர்னியாவின் சான் ரமோன் அலுவலக வளாகத்தில் எங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு முதியவர், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு திசைகாட்டியை இரண்டு கைகளாலும் வயிற்றருகே பிடித்தபடி நின்றிருந்தார். கதவைப் பார்த்தார். திசைகாட்டியைப் பார்த்தார். மறுபடியும் கதவைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பதினாறு பேர். அவர்களுக்குப் பின்னால் மூன்று மினிவேன்கள். நான் கதவைத் திறந்து வரவேற்றேன். ஒருவரும் உள்ளே வரவில்லை.

"வேற வழி இருக்கா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

சரக்கு இறக்கும் பின்வாசல் இருந்தது. குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு பதினேழு பேரும் வரிசையாக அதன் வழியே வந்தார்கள். என் முதலாளி வைத்தியநாதனுக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். மயிலாப்பூர்க்காரர், நாங்கள் வைத்தி சார் என்போம். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தேளா? லீஸ் சைன் பண்றச்சயே சொன்னேன், மெயின் டோர் தென்மேற்குன்னு. ஒருத்தரும் கேக்கலை."

1. எங்கள் வேலை

அருங்காட்சியகங்கள், நூலகங்கள், சங்கங்கள் ஆகியவற்றுக்குக் காட்சிக்கூடம் அமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். மாதிரி, பேனல், லேபிள் எல்லாம் நாங்களே செய்வோம். சென்னையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே வந்து லேபிள் எழுத உட்கார்ந்தவள் நான். ஒரு லேபிளுக்கு எழுபது சொல். அதற்கு மேல் எந்த மனிதரும் நின்று படிப்பதில்லை.

மாதிரி செய்கிறவர் செந்தில், கரூர்க்காரர். லேசர் ஸ்கேன் தரவை வாங்கிக் கணினியில் கட்டடமாக்கி, அச்செடுத்து, ஒட்டி, வண்ணம் பூசி நிறுத்துவார்.

அந்த முறை வாடிக்கையாளர் ஒரு சீனக் குலச் சங்கம். அத்தனை பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். தென் சீனாவில் அவர்களுடைய ஊர் ஒரே மதிலுக்குள் இருக்கிறது: மூலைக்கு ஒரு காவல் கோபுரம், உள்ளே போக ஒரே வாயில், வரிசை வரிசையாக வீடுகள், நடுவில் மூதாதையர் கூடம். வாயிலுக்கு முன்னால் அரைவட்டக் குளம். பின்னால் யாரும் கிளை ஒடிக்கக் கூடாத ஒரு தோப்பு. மதிலுக்குள் பிறந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். அந்த ஊரை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, இங்கே தங்கள் சங்கக் கட்டடத்தில் வைக்க விரும்பினார்கள். முதல் கட்டம் முன்பாதி: குளம், வாயில், கூடம். அது பிடித்திருந்தால் இரண்டாம் கட்டமாகப் பின்பாதி.

சனிக்கிழமை அவர்கள் முன்னோருக்கு வசந்தகால வழிபாடு செய்யும் நாள். அன்று மாதிரி அங்கே இருந்தாக வேண்டும். வெள்ளி மாலை நான்கு மணிக்கு லாரி சொல்லியிருந்தோம். செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தது மாதிரியைப் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போட, எங்கள் பாஷையில் சைன்-ஆஃப் கொடுக்க.

செந்திலின் எச்-1பி வேலை விசா முடிய நான்கு மாதம் இருந்தது. இரண்டாம் கட்டம் வந்தால் அவருக்கு வேலை இருக்கிறது என்று காட்டி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் வைத்தி சார் அவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் அறுபது நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் மூவருக்கும் இது தெரியும். அந்த வாரம் மூவரும் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

2. பிரிண்டர் பார்க்க வந்தவர்

திசைகாட்டி முதியவரின் பெயர் ஹென்றி. வயது எழுபத்தொன்பது, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வைத்தி சார் அவரை "அங்கிள்" என்று அழைத்து, இருந்த ஒரே நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டார். ஹென்றி நாற்காலிக்கு நன்றி சொன்னார், உட்காரவில்லை. காபி கொடுத்தோம். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. மற்ற பதினாறு பேரும் அப்படியே நின்றார்கள். இருபது நிமிடம் போயிற்று.

ஒன்பதேகாலுக்கு முதுகில் பையும் கையில் பாதி தின்ற பேகல் ரொட்டியுமாக ஓர் இளைஞர் பின்வாசல் வழியாக வந்தார். அன்று காலை பிரிண்டர் ரிப்பேருக்கு ஆள் வரச் சொல்லியிருந்தோம். வைத்தி சார் மூலையைக் காட்டி, "பிரிண்டர் அங்க இருக்கு, பேப்பர் ஜாம்" என்றார். வந்தவர் போனார், மூடியைத் திறந்தார், சிக்கியிருந்த தாளை உருவினார், மூடினார். திரும்பியபோது பதினேழு பேரும் அவரை நோக்கித் தலையைத் தாழ்த்தி நின்றார்கள்.

"இவர் கெவின்," என்றார் ஹென்றி. "எனக்குத் தாத்தா முறை."

அந்தக் குலத்தில் முன்னோர் எழுதி வைத்த ஒரு செய்யுள் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் அதில் அடுத்த எழுத்தைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளும். பெயரைக் கேட்டால் எத்தனையாவது படி என்று தெரிந்துவிடும். ஹென்றி இருபத்து நான்காம் படி. ஃப்ரீமாண்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை தேடும் க்யூ.ஏ. வேலை பார்க்கும் முப்பத்து நான்கு வயது கெவின் இருபத்திரண்டாம் படி. முன்னோர் முன்னால் வைக்கப்படும் பொருளுக்கு, இருப்பவர்களில் மேல்படியில் இருப்பவர்தான் சம்மதம் சொல்ல வேண்டும். வயதுக்கு அதில் இடமில்லை.

கெவின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஹென்றி காபியைக் குடித்தார்.

"இதுல எனக்கு எதுவும் தெரியாது," என்று கெவின் எங்களிடம் சொன்னார். "ரெண்டு வருஷம் முன்னாடி மேல இருந்தவர் செத்துப்போயிட்டார். இது நான் கேட்டு வாங்கின ப்ரோமோஷன் இல்ல."

3. துணியை எடுத்தோம்

மாதிரியின் மேலிருந்து துணியை எடுத்ததும் எல்லாரும் வாயிலைத்தான் பார்த்தார்கள்.

ஹென்றி சட்டைப் பையிலிருந்து ஓர் அடிக்கோல் எடுத்து வாயிலின் மேல் வைத்தார். கோல் நேரே மூதாதையர் கூடத்தின் கதவைச் சுட்டியது.

"வாசல் நேரா இருக்கு," என்றார்.

"தேங்க் யூ," என்றார் வைத்தி சார்.

"எங்க ஊர்ல நேரா இருக்காது."

ஊரின் வாயில் மதிலோடு பதினொரு டிகிரி திரும்பி நிற்கிறது. எதிரே இரண்டு குன்றுகள். நடுவில் ஓர் இடைவெளி. வாயில் நேராக இருந்தால் அந்த இடைவெளியைப் பார்க்கும், ஊரின் நல்லதெல்லாம் அதன் வழியே ஒழுகிப் போய்விடும் என்று நம்பிக்கை. ஹென்றியின் கொள்ளுத்தாத்தாவுக்கும் முன்னால், ஆண்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போகத் தொடங்கியபோது, ஊர்கூடி வாயிலை இடித்துத் திருப்பிக் கட்டினார்கள்.

"ஆம்பளைங்க போறதை நிறுத்தத்தான் திருப்பினாங்க," என்றார் ஹென்றி.

கெவின் அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்புறம்தான் நாம எல்லாரும் வந்தோம்," என்றார்.

பின்வரிசையில் ஓர் அம்மையார் சிரித்துவிட்டு, இருமுவது போல வாயை மூடிக்கொண்டார்.

என் லேபிள் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் இரண்டாவது வரி: "ஊர்வாசல் மூதாதையர் கூடத்துக்கு நேர் எதிரே, ஒரே அச்சில் அமைந்துள்ளது." மாதிரியைப் பார்த்து எழுதியது. ஊரின் புகைப்படங்கள் நாற்பது என் கணினியில் இருந்தன. ஒன்றைத் திறந்திருந்தால் போதும். பதினோரு வருடம் நிருபர்களிடம் "நேர்ல பாத்தியா?" என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பதும் இதுதான்: மாதிரியைப் பார்த்து லேபிள் எழுதாதீர்கள்.

4. ரூட் காஸ்

கெவின் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து முழங்காலில் வைத்தார். குல வழக்கம் அவருக்குத் தெரியாது. பிழை என்றால் அது அவருடைய பேட்டை.

"ஸ்கேன்ல கோணலா இருந்துச்சா, நேரா இருந்துச்சா?"

"கோணலாத்தான்," என்றார் செந்தில்.

"யார் மாத்தினது?"

வைத்தி சார், தரவு பல கட்டங்களைத் தாண்டி வருகிறது என்று தொடங்கினார். கெவின் விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக் காத்திருந்தார்.

"நான்தான் மாத்தினேன்," என்றார் செந்தில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "அக்கா, ஸ்கேனை ஒட்டறப்ப எடம் தள்ளிப்போற ரெஜிஸ்ட்ரேஷன் எரர்னு நெனச்சுப்போட்டனுங்க. ஆனா சந்தேகமாத்தான் இருந்துச்சு. சாரைக் கேட்டேன், நேராக்கிருன்னாரு. இப்ப அதச் சொன்னா நல்லாருக்காதுங்க" என்றார்.

அவர் குரல் தாழவில்லை என்பதைப் பதினெட்டு பேரின் முகமும் காட்டியது. மொழிதான் புரியவில்லை. வைத்தி சாருக்குப் புரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லித்தான் பண்ணினான்," என்றார் ஆங்கிலத்தில். "அவன் கேட்டான். எரர், நேராக்குன்னேன்."

கெவின் தட்டச்சு செய்தார். "ரூட் காஸ்?" பிழையின் மூல காரணத்தை அவர் தொழிலில் அப்படித்தான் கேட்பார்கள்.

"வாசலை யாராவது வேணும்னே கோணலா வெப்பாளான்னு நெனச்சேன்."

செந்திலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சார், பிளசன்டன்ல வீடு வாங்கின பொறவு நீங்க வாசப்படியவே இடிச்சுத் திருப்பி வெச்சீங்களே சார்" என்றார்.

"என்ன சொல்றார்?" என்று ஹென்றி என்னிடம் கேட்டார்.

மொழிபெயர்ப்பில் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொன்னேன். வைத்தி சார் வாஸ்துவுக்காகப் பதினாறு வீடுகளை வேண்டாம் என்றவர். பதினேழாவதை வாங்கி, தெற்கே பார்த்த வாசலைக் கிழக்கே திருப்ப குடியிருப்போர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.வோடு ஏழு மாதம் கடிதப் போர் நடத்தியவர். வாசலின் புகைப்படம் அவர் கைபேசியில் இருந்தது. அதையும் காட்டினார்.

முதலில் சிரித்தவர் ஹென்றி. பல் மருத்துவர் என்பதால் வாயை நன்றாகத் திறந்து சிரித்தார். அதன் பிறகு அவரும் வைத்தி சாரும் அந்தப் புகைப்படத்தை வைத்து இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். ஹெச்.ஓ.ஏ. கேட்ட படிவத்தின் எண் முதற்கொண்டு ஹென்றி குறித்துக்கொண்டார். அவருக்கும் பக்கத்து ஊரான டப்ளினில் திருப்ப வேண்டிய ஒரு வாசல் இருந்தது.

கெவின் மடிக்கணினியை மூடினார். "டிஃபெக்ட்டை சரி பண்ணுங்க. அப்புறம் சைன் பண்றேன். அதுவரைக்கும் மாட்டேன்."

5. இரண்டு பஞ்சாங்கம்

செந்தில் புதன், வியாழன் இரண்டு நாளும் புதிய வாயிலை அச்செடுத்தார். பழையதை மதிலிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் நாள் கிடைக்கவில்லை. வாசலில் கைவைக்க அந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டுமே தோது என்று ஹென்றியின் பஞ்சாங்கம் சொன்னது. அதிலும் பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை. வைத்தி சார் கைபேசியை எடுத்தார். சான் ரமோனில் அன்று ராகு காலம் 11.34 முதல் 1.10 வரை.

"பதினொண்ணுக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள்ள அறுத்துடலாமே" என்றேன்.

"பசை உலர்ந்த மதில், அக்கா. அரை மணியில ஆகாதுங்க" என்றார் செந்தில்.

"நடுவுல ராகு காலம் வந்தா கத்தியைக் கீழ வெக்கணும்" என்றார் வைத்தி சார்.

"நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் ஹென்றி.

தொலைபேசியில் கெவினைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: ஹென்றியின் பஞ்சாங்கம், இங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் டேலைட் சேவிங்கைக் கணக்கில் எடுக்கிறதா? "எடுக்கல" என்றார் ஹென்றி.

"அப்ப பதினொண்ணுங்கறது இங்க பன்னெண்டு. ஒண்ணுங்கறது ரெண்டு. ஒண்ணு பத்துக்கு மேல ஆரம்பிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்று பன்னிரண்டுக்குச் செந்தில் ரம்பத்தை மதிலில் வைத்தார். ஹென்றியோடு ஆறு பேர் வந்து சுற்றி நின்றார்கள். மேசையில் அவர்களுடைய ஆரஞ்சுகளும் எங்கள் வாழைப்பழங்களும் இருந்தன. ஒன்று ஐம்பத்து மூன்றுக்குப் பழைய வாயில் கழன்றது. நேரக் கட்டுப்பாடு அறுப்பதற்கு மட்டும்தான்; மூன்று இருபதுக்குப் புதியது நின்றது. கெவின் ஃப்ரீமாண்டிலிருந்து 680 ஃப்ரீவே நெரிசலில் வந்து சேர்ந்தபோது நான்கு மணிக்கு ஐந்து நிமிடம். லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் நின்றார். கெவின் கோணமானியை வைத்துப் பார்த்தார், பதினொன்று. என் புதிய லேபிளை இரண்டு முறை படித்தார். சைன் பண்ணினார்.

6. இரண்டாம் கட்டம்

அடுத்த வாரமே இரண்டாம் கட்ட ஒப்பந்தம் வந்தது. செந்திலின் நீட்டிப்பு, பழைய விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது.

பின்பாதி ஸ்கேன் தரவைத் திறந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பின்மதிலில், தோப்புப் பக்கம், மூன்று மீட்டர் அகலத்துக்கு மதிலே இல்லை. அவர் எதையும் தொடவில்லை. படமெடுத்துக் கெவினுக்கு அனுப்பினார்.

மறுநாள் பதில் வந்தது. ஹென்றியிடம் கேட்டாராம். ஊரில் இப்போது ஆறு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள். அவர்கள் கார்களை உள்ளே கொண்டுவருவது மதிலை உடைத்த அந்த வழியாக.